வீட்டுக்கு அறுபது அட்டை

ரேணுகாம்பாளுக்கு முப்பத்தொரு வயது வரை யாரிடமும் "முடியாது" என்று சொல்லிப் பழக்கமில்லை. சொல்ல வேண்டிய இடம் வந்தால் "பார்க்கலாம்" என்பாள். ஆரணியில் ஒரு பட்டறைக்காரர் "பார்க்கலாம்" என்றால், கேட்டவர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, எப்போது வந்து வாங்கிக்கொள்வது என்றுதான் கேட்பார். அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் வேறு வார்த்தை வாயில் வராது. ஒருமுறை முயன்று பார்த்தாள். மூட்டைப்பூச்சி மருந்து விற்க வந்தவனிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அவன் தெருமுனை திரும்புவதற்குள் பின்னாலேயே ஓடிப்போய் மூன்று பாட்டில் வாங்கி வந்தாள். வீட்டில் மூட்டைப்பூச்சியே கிடையாது.

அவள் தொழில் அட்டை அடிப்பது. பட்டுச்சேலையின் முந்தானையில் மயிலோ மாங்காயோ வர வேண்டுமானால், முதலில் அதை கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக வரைய வேண்டும். தாளில் ஒரு வரிசைக்கு ஓர் அட்டை. வரிசையில் எந்தக் கட்டத்தில் மை இருக்கிறதோ, அட்டையில் அந்த இடத்தில் ஓட்டை. இப்படி அடித்த அட்டைகளை வரிசையாகக் கயிற்றில் கோத்து, தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டியில் மாட்டினால், நெசவாளி மிதிக்க மிதிக்க ஒவ்வோர் அட்டையாகத் திரும்பி, எந்த இழை எழ வேண்டும், எது கிடக்க வேண்டும் என்று தறிக்குச் சொல்லும். எல்லாவற்றுக்கும் கடைசியாக ஒரு முடிச்சு உண்டு. கடைசி அட்டையை முதல் அட்டையோடு கட்டி வளையமாக்க வேண்டும். அதைக் கட்டாதவரை பெட்டி சுழலாது; தறி ஓர் இழைகூட நகராது.

அட்டை அடிக்கிற மெஷின் அப்பா விட்டுப்போனது. காலால் மிதித்தால் "டக்" என்று ஒரு வரிசை ஓட்டை விழும். அந்தச் சத்தம் அவளுக்குப் பிடிக்கும். வேறு எந்த வேலையிலும் தான் செய்தது சரியா தவறா என்று இவ்வளவு சீக்கிரம் தெரியாது என்பது அவள் எண்ணம்.

மெஷின் அப்பா விட்டுப்போனதுதான் என்றாலும் அண்ணன் ரங்கசாமி பெயரில் இருந்தது. ரங்கசாமி வேலூரில் மெஸ் வைத்திருந்தார். 1977ல் மட்டும் ரேணுகாம்பாள் ஒப்புக்கொண்ட இரண்டு வேலைகள் நாள் தவறின. கேட்டவர்கள் கேட்டதையெல்லாம் படத்தில் சேர்த்துக்கொண்டே போனதுதான் காரணம். ஒரு வளைகாப்புச் சேலை, குழந்தை நடக்க ஆரம்பித்த பிறகு தறி ஏறியது. அடுத்த வருஷம் மாசியில் ரங்கசாமி நேரில் வந்தார்.

"இதான் கடைசி," என்றார். "சிவப்பிரகாசம் வூட்டு கல்யாணச் சேலை சித்திரை அஞ்சாந்தேதி தறி ஏறணும். ஏறலன்னா ஆறாந்தேதி காஞ்சிபுரத்துக்காரரு டெம்போ எட்தாந்து மெஷின ஏத்திகினு போவாரு. பேசி முடிச்சாச்சு. நீ வேலூருக்கு வந்துடு. மெஸ்ஸுல மாவாட்ட ஆள் இல்லாம பேஜாரா கீது."

"பார்க்கலாங்கண்ணா," என்றாள் ரேணுகாம்பாள்.

சிவப்பிரகாசம் பட்டு ஜவுளி வியாபாரி. பெண்ணுக்கு வைகாசியில் முகூர்த்தம். நெய்யப் போவது ராஜவேலு. அவருக்கு இருபத்தைந்து நாள் வேண்டும். அப்படித்தான் சித்திரை ஐந்து என்று கணக்கானது. வேலை என்னவோ சுலபம். முந்தானையில் ஒரு மயில். முன்னூற்று இருபது அட்டை. மாசி முடியுமுன் அடித்து, கோத்து, வீட்டு உத்திரத்தில் மூன்று மடிப்பாகத் தொங்கவிட்டுவிட்டாள். புதுக்கயிறு கொஞ்ச நாள் இழுபட்டுத் தொங்க வேண்டும். இல்லாவிட்டால் தறியில் தொய்ந்து அட்டை மாட்டிக்கொள்ளும். மயில் தொங்கிக்கொண்டிருந்தபோது சிவப்பிரகாசம் வந்தார்.

"ரேணுகாம்மா, கண்ணமங்கலத்துலருந்து சம்பந்தி சொல்லி அனுப்பிகீறாரு. அவங்களுக்கு பஸ் ஓடுது இல்ல, கண்ணமங்கலம் வேலூரு. அந்த பஸ்ஸு முந்தானையில வந்தா மாப்ள வூட்டுக்கு மரியாதயா இருக்குமாம்."

"மயிலு பக்கத்துல பஸ்ஸாங்க?"

"மேல மோதிடாம ஓரமா வுடு."

"பார்க்கலாங்க."

இரண்டு நாள் கழித்து மறுபடி வந்தார். "காலி பஸ்ஸா போட்டா நஷ்டத்துல ஓட்றாப்போல தெரியுமாம். ஒரு பத்து பேரு ஏத்து. கண்டக்டரு படியில தொங்கட்டும்."

பத்துப் பேரும் தொங்குகிற கண்டக்டருமாக பஸ்ஸுக்கு அறுபது அட்டை ஆயிற்று. உத்திரத்தில் இடமில்லை. மயிலோடு பஸ்ஸைக் கோத்து, வாசல் வழியாக வெளியே விட்டு, பக்கத்து வீட்டுத் தனகோடி அம்மாள் துணி உலர்த்தும் கொடியில் மாட்டினாள்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. அட்டையின் அகலம் இரண்டரை அங்குலம். அறுபது அட்டை பன்னிரண்டரை அடி. அந்தத் தெருவில் ஒவ்வொரு வீட்டின் முகப்பும் பன்னிரண்டரை அடி. யாராவது அன்றைக்கே இதைப் பெருக்கிப் பார்த்திருந்தால் பின்னால் நடந்தது நடந்திருக்காது.

காலையில் தனகோடி அம்மாள் வந்து நின்றார்.

"இன்னா ரேணுகா, உன் பஸ்ஸு எங்க கொடியில நிக்குது."

"கயிறு இழுத்ததும் எட்துடறேன்க்கா."

"நிக்கட்டும். நானா வேணாம்னேன்? யாரு வூட்டு பஸ்ஸோ எங்க வூட்ல நிக்குது. எங்களுது ஒண்ணும் அதுல இல்லியே, அதத்தான் கேக்கறேன். எங்க எருமைய போட்டுடு."

"கல்யாணச் சேலையில எருமையாக்கா?"

"ஏன், மயிலு பால் குடுக்குதா? நீ குடிக்கிற காப்பி எதுலருந்து வருது?"

ரேணுகாம்பாள் கிராஃப் தாளை எடுத்தாள். எருமைக்கும் அறுபது அட்டை. கொம்பு வளைவைச் சரியாகக் கொண்டுவர இரண்டு நாள் பிடித்தது. அதைக் கோத்ததும் அது தனகோடி அம்மாள் வீட்டைத் தாண்டி அடுத்த வீட்டு முகப்பை முழுதாக அடைத்தது. அந்த வீட்டில் பாகம் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பி இருவர். அண்ணன் வந்து தன் பாகத்தைப் போடச் சொன்னார். தம்பி வந்து தன் பாகத்தைப் போடச் சொன்னார். இருவரும் தனித்தனியே வந்து, நடுவில் எழுப்பிய சுவரைத் தவறாமல் காட்டும்படி கேட்டுக்கொண்டார்கள். முப்பது அட்டை அவருக்கு, முப்பது இவருக்கு. அது மூன்றாவது வீட்டை அடைத்தது. மூன்றாவது வீட்டுக்காரர் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். தன் கொடியில் அட்டை தொங்குவதைப் பார்த்ததும் உள்ளே போய்ச் சைக்கிளைத் துடைத்து எடுத்து வந்து வெளிச்சத்தில் நிறுத்தினார்.

இப்படியாக, ஒரு வீட்டின் படத்துக்கு ஆகிற அட்டை அடுத்த வீட்டை மறைத்தது. மறைக்கப்பட்ட வீட்டுக்காரர் தன் படத்தைக் கேட்டார். நாளுக்கு ஒரு வீடு என்று சங்கிலி நகர்ந்தது. தெருவில் நடப்பவர்கள் தலையைக் குனிந்து அதன் கீழே போகப் பழகினார்கள். வெயிலில் ஓட்டைகளின் நிழல் தரையில் புள்ளி புள்ளியாக விழும். கோழிகள் அதை அரிசி என்று கொத்திப் பார்த்துவிட்டுப் போகும்.

ஏழாவது வீட்டு ஜெகநாதன் வாத்தியார் மட்டும் தன் வீட்டில் அட்டை வந்து இரண்டு நாளாகியும் ஒன்றும் கேட்கவில்லை. ரேணுகாம்பாளே போய்க் கேட்டாள். கேட்காமல் விட்டால் வருத்தப்படுவாரே.

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். கூடத்தில் ஒரு பூசணிக்காய் இருந்தது. "பூசணிக்கா போடும்மா," என்றார்.

பங்குனி பாதியில் ராஜவேலு வந்தார். தறி இருந்தது அவள் வீட்டுப் பின்கட்டில்தான். குழித்தறி. அவர் குழியில் காலை விட்டு உட்கார்ந்து, மேலே வெறும் ஜக்கார்டு பெட்டியைப் பார்த்தார்.

"யக்கா, பாவு ஏத்தி ரெடியா கீது. அட்ட எப்ப?"

"தோ வந்துகினே கீது ராஜவேலு."

"வர்ல. போய்கினு கீது. நான் வரசொல்ல பத்தாவது வூட்ல பாத்தேன்."

அன்று முதல் ராஜவேலு தினமும் காலையில் வந்து குழியில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துவிட்டுப் போனார். வெளியே எங்காவது உட்காரலாமே என்றால், குழியில் உட்கார்ந்தால்தான் வேலைக்கு வந்த மாதிரி இருக்கிறது என்றார்.

கிராஃப் தாளும் வெற்று அட்டையும் ரத்னாவதி கடையில்தான் கிடைக்கும். ரத்னாவதி ரேணுகாம்பாளோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள். ஜைன வீடு. பொழுது இறங்கினால் சாப்பிட மாட்டார்கள். அதனால் ஐந்தரைக்குக் கடையைச் சாத்துவாள். ஒருநாள் ரேணுகாம்பாள் அட்டைக் கட்டை எண்ணி வாங்கிக்கொண்டு இருக்கும்போது, ஐந்து முப்பத்தைந்துக்கு போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஏட்டு ஒருவர் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"ரெண்டு கொயர் பேப்பர் குடும்மா."

"கட சாத்தியாச்சுங்க. காலையில வாங்க."

"தெறந்துதான கீது."

"பலகை வெக்கறதுக்குத் தெறந்து கீது."

"அவசரம்மா. ரிப்போர்ட்டு எழுதணும்."

"எனக்கும் அவசரங்க. சாப்பிடணும்."

ஏட்டு சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். ரேணுகாம்பாளுக்கு அட்டை எண்ணிக்கை விட்டுப்போயிற்று. அவர் மனசு என்ன பாடுபடும் என்று நினைத்துப் பார்த்தாள். மறுநாள் காலையில் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது ஏட்டு கடையில் நின்று பேப்பர் வாங்கிக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. "நேத்து நேரத்துக்கு சாப்ட்டியாம்மா?" என்று வேறு கேட்டார்.

ரேணுகாம்பாள் இதை யோசித்தாள். ரத்னாவதிக்கும் தனக்கும் என்ன வித்தியாசம்? ரத்னாவதிக்கு ஒரு விரதம் இருக்கிறது. விரதத்தை யாரும் மீறச் சொல்ல மாட்டார்கள், கோபித்துக்கொள்ளவும் மாட்டார்கள். ஆகவே தனக்கும் ஒன்று தேவை. "பார்க்கலாம்" என்ற சொல் வாயிலிருந்து வருவதுதான் எல்லாத் தொல்லைக்கும் மூலம் என்பதால், வாயையே மூடுகிற விரதம் நல்லது. பங்குனி இருபதாம் தேதி ஒரு சிலேட்டில் "மௌன விரதம்" என்று எழுதி வாசலில் மாட்டினாள்.

யோசனையில் ஒரு பிழை இருந்தது. அவள் அதைச் சாயங்காலத்துக்குள் தெரிந்துகொண்டாள்.

முதலில் வந்தவர் சிலேட்டைப் படித்தார். மரியாதையாகச் செருப்பைக் கழற்றினார். தன் வீட்டு மாமரத்தைப் போட வேண்டும் என்று சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். அவள் பேசவில்லை. தலையை ஆட்டி மறுக்கலாம்தான். ஆனால் அது வாயால் மறுப்பதைவிடக் கடுமையாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. அவர் சிறிது நேரம் நின்றார்.

"மறுத்து ஒண்ணும் சொல்லல இல்ல? அப்ப சரிம்மா," என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

செய்தி பரவிற்று. இதுவரை கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு இருந்தவர்களெல்லாம் வந்தார்கள். பேச்சே இல்லாததால் வேலை மளமளவென்று நடந்தது. அன்று ஒரே நாளில் பதினொரு பேர். அதில் ஒருவர் தனக்காகக் கேட்கவில்லை. தெள்ளாரில் இருக்கிற மச்சானுக்காகக் கேட்டார். மச்சான் வீடு இந்தத் தெருவிலேயே இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் துடித்தது. விரதம்.

மறுநாள் சிலேட்டைக் கழற்றினாள்.

ரத்னாவதியிடம் இதைச் சொன்னபோது அவள் நோட்டுப் புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்தாள். "நான் எங்கடி ஏட்டுகிட்ட விரதம்னு சொன்னேன்? சாப்பிடணும்னுதான சொன்னேன்," என்றாள். பிறகு, "இருநூறு அட்டைக்கு மேல இன்னிக்கு குடுக்க மாட்டேன். சேட்டு ஒருத்தருக்கு எட்து வெக்கணும்," என்றாள். ரேணுகாம்பாள் இருநூறை வாங்கிக்கொண்டு வந்தாள். பாதி வழியில்தான், தன்னிடம் ஒருத்தி முடியாது என்று சொல்லியிருக்கிறாள், தனக்கு ஒன்றுமே ஆகவில்லை என்பது உறைத்தது. அங்கேயே நின்றாள். பின்னால் வந்த பால்காரர் மணியடித்தார்.

சித்திரை பிறந்தது. நான்காம் தேதி காலையில் ராஜவேலு குழியிலிருந்து எழுந்து வந்தார். அவர் எழுந்து வந்ததே ஒரு விசேஷம்.

"யக்கா, நாளைக்கு மொத மிதி. இன்னிக்கு பொழுதுக்குள்ள அட்டய மாட்டியாவணும். இல்லன்னா நாளானிக்கு டெம்போ. மெஷினு போச்சுன்னா இந்தப் பட்டறையும் போச்சு, நானும் வேற எடம் பாக்கணும். கடைசி அட்ட எது, அத மட்டும் காட்டுங்க. மொத அட்டையோட கட்டிடறேன்."

நியாயமான கேள்வி. ரேணுகாம்பாள் கடைசி அட்டையைத் தேடிக்கொண்டு தெருவில் நடந்தாள். மயில் முடிந்து பஸ், பஸ் முடிந்து எருமை, சுவர், சைக்கிள். பூசணிக்காயைத் தாண்டினாள். தையல் மெஷின், ரேடியோ, ஒரு தாத்தாவின் மீசை, தெள்ளார் மச்சான். நடக்க நடக்க மனத்துக்குள் கணக்கும் நடந்தது. அறுபது அட்டை தறியில் ஓர் அங்குலம். முந்தானை முப்பத்தாறு அங்குலம். இன்னும் நான்கைந்து வீட்டில் முந்தானை நிரம்பிவிடும். அடுத்த தெரு சேலையின் உடலில் ஏறும். இருநூறு வீட்டில் சேலை முடிந்துபோகும். மணப்பெண் முழுக்க முழுக்க முந்தானையை உடுத்திக்கொள்ள வேண்டியதுதான். அப்படியே விட்டால் சங்கிலி கண்ணமங்கலம் சாலையில் திரும்பும். நடுவில் வீடுகள் இல்லை, வயல்கள்தான். வயல்காரர்கள் மட்டும் சும்மா இருப்பார்களா.

கடைசி அட்டை தெருமுனையில், இருபத்தாறாவது வீட்டு ஜன்னல் கம்பியில் தொங்கியது. ஆயிரத்து எண்ணூற்று எண்பதாவது அட்டை. அதன் கீழே அந்த வீட்டுக்காரர் கரித்துண்டால் சுவரில் தனக்கு வேண்டியதை வரைந்துகொண்டிருந்தார். திருப்பத்துக்கு அந்தப் பக்கம், அடுத்த தெருக்காரர்கள் இரண்டு பேர் கம்பம் நட்டுப் புதுக்கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள். சிவப்பிரகாசம் அவர்களுக்கு எந்த உயரம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாம்மா. நல்ல வேளை வந்த. இப்படியே திரும்பி எட்டு வூடு போனா நம்ம கடை. அதுவரைக்கும் ஜல்தியா இட்டாந்துடு. கடைய போடு. போர்டோட போடு."

"நாளைக்கு தறி ஏறணுங்களே."

"ஏறட்டும். அதுக்குள்ள நம்ம கடைய போட்டுடு."

ரேணுகாம்பாள் கடைசி அட்டையைப் பார்த்தாள். அதுவும் இன்னும் பத்து நிமிடத்தில் கடைசியாக இருக்காது. வாய் "பா" என்று குவிந்து திறக்கத் தயாராக இருந்தது. அவள் உதட்டை இறுக்கிக்கொண்டாள். மூக்கால் மூச்சு விட்டாள்.

"முடியாதுங்க," என்றாள்.

கம்பம் நட்டுக்கொண்டிருந்தவர்கள் கடப்பாரையை நிறுத்தினார்கள். வரைந்துகொண்டிருந்தவர் கரித்துண்டோடு திரும்பினார்.

"இன்னாது?" என்றார் சிவப்பிரகாசம்.

"கடை முடியாதுங்க. இந்த வூடும் முடியாது. இந்தத் தெருவுல எதுவும் முடியாது. நீங்க கேட்டது மயிலு. மயிலு மட்டுந்தான் தறி ஏறும்."

"பஸ்ஸு?"

"பஸ்ஸும் முடியாதுங்க."

அவள் காத்திருந்தாள். வானம் அப்படியே இருந்தது. சிவப்பிரகாசம் தலையைச் சொறிந்தார். பிறகு அவள் பக்கமாக வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அது சரிம்மா. சம்பந்திகிட்ட யாரு சொல்றது? எனக்கு வாய் வராதே."

பதினொரு மணி பஸ்ஸில் ரேணுகாம்பாள் கண்ணமங்கலம் போனாள். சம்பந்தி பஸ் ஷெட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பெரிய உடம்பு. அவள் வந்த காரியத்தைச் சொன்னதும் வெற்றிலையை மெல்வதை நிறுத்தினார்.

"பஸ்ஸு கெடயாதா?"

"முடியாதுங்க."

"ஆளுங்கள எறக்கிட்டு வெறும் பஸ்ஸு?"

"முடியாதுங்க."

"முன்பக்கம் மட்டும்? ரெண்டு லைட்டோட?"

"இல்லைங்க."

"ஒரு டயரு."

"முடியாதுங்க."

"மயிலு வாயில ஒரு டிக்கெட்டு வெக்கலாமே. பாக்கறவங்களுக்கு தெரியாது. எங்களுக்குத் தெரிஞ்சா போதும்."

இது அவளைக் கொஞ்சம் அசைத்தது. மூன்று அட்டையில் முடிகிற வேலை. மயிலின் வாயில் டிக்கெட் எப்படி இருக்கும் என்று மனத்துக்குள் கட்டம்கூடப் போட்டுவிட்டாள். பிறகு அந்த டிக்கெட்டில் என்ன ஊர் போட்டிருக்க வேண்டும் என்று அடுத்து கேட்பார் என்று தோன்றியது.

"டிக்கெட்டும் முடியாதுங்க."

சம்பந்தி வெற்றிலையை மறுபடி மெல்ல ஆரம்பித்தார். "சரி," என்றார். "எங்க பஸ்ஸுலயே திரும்பிப் போ. சீட்டு வாங்க வேணாம்."

"இல்லைங்க, வாங்கிக்கறேன்."

"இதுக்கும் இல்லையா?" என்றார் சம்பந்தி. முதல்முறையாகச் சிரித்தார்.

திரும்பி வரும் வழியெல்லாம் ரேணுகாம்பாள் ஜன்னலோரம் உட்கார்ந்து, மனசு எப்போது உறுத்த ஆரம்பிக்கும் என்று பார்த்துக்கொண்டே வந்தாள். இவ்வளவு முடியாதுகளுக்கு அது பெரியதாகத்தான் வரும். தயாராக இருப்பது நல்லது. ஆரணி கோட்டை தெரிந்தபோது வயிற்றில் ஏதோ செய்தது. இதோ வந்துவிட்டது என்று நினைத்தாள். இறங்கி இரண்டு இட்லி சாப்பிட்டதும் போய்விட்டது. பசிதான்.

கத்தரிக்கோலை எடுத்தாள். முன்னூற்று இருபதாவது அட்டைக்குப் பின்னால் கயிற்றை வெட்டி, முதல் அட்டையோடு சேர்த்துக் கட்டினாள். ஐந்து வாரமாக நடக்காத வேலைக்கு இரண்டு நிமிடம் ஆயிற்று. ராஜவேலு மயிலைத் தூக்கிக்கொண்டு போய்ப் பெட்டியில் மாட்டினார்.

மீதியை வீடு வீடாக வெட்டி, அவரவர் அறுபது அட்டையை அவரவரிடம் கொடுத்துக்கொண்டு போனாள். எல்லாரும் நல்லபடி வாங்கிக்கொள்ளவில்லை. தனகோடி அம்மாள் தன் எருமையை இரண்டு கையாலும் வாங்கி, "வெட்டிட்டியா," என்றார். மறுநாள் முதல் அவர் வீட்டிலிருந்து வரும் பால் நின்றது. அண்ணன் தம்பிக்குச் சரியாகச் சுவரில் வெட்டிக் கொடுத்தாள். சுவர் யார் பக்கம் போயிற்று என்று அவர்கள் அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க ஆரம்பித்தார்கள். தபால்காரர் தன் சைக்கிளைச் சுருட்டி அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

ஜெகநாதன் வாத்தியார் பூசணிக்காயை வாங்கிக்கொண்டு, "அப்பாடா," என்றார். "எனக்கு மொதல்லயே வேணாம்மா. நீயா வந்து கேட்டியா, வேணாம்னா சங்கடப்படுவியேன்னு ஏதோ ஒண்ணச் சொல்லிட்டேன். ஒரு மாசமா, ஏன் பூசணிக்கான்னு வூட்ல கேட்டுகினே கீறாங்க."

"நானும் அதத்தான் சார் யோசிச்சிகினு இருந்தேன்," என்றாள் ரேணுகாம்பாள்.

ஐந்தாம் தேதி காலை ராஜவேலு முதல் மிதி மிதித்தார். பெட்டி சுழன்றது. மயிலின் கால் விரல் நுனி, ஜரிகையில், ஒரு நூல் அகலத்துக்கு வந்தது.

ஆறாம் தேதி காஞ்சிபுரத்துக்காரர் டெம்போவோடு வந்துவிட்டார். தறி ஏறிவிட்ட செய்தி வேலூருக்குப் போயிருந்தது. ஆனால் வேலூரிலிருந்து காஞ்சிபுரத்துக்குப் போகவில்லை. மெலிந்த மனிதர். வண்டியிலிருந்து இறங்கும்போதே தயங்கித் தயங்கி இறங்கினார்.

"மெஷினு குடுக்கறதுக்கு இல்லைங்க," என்றாள் ரேணுகாம்பாள் வாசலிலேயே.

"உங்கண்ணன் பேசி முடிச்சதா..."

"தறி ஏறலன்னாத்தான் குடுக்கறதா பேச்சு. தறி ஓட்ற சத்தம் கேக்குதுங்களா?"

அவர் காதைக் கொடுத்துக் கேட்டார். கேட்டது.

"இவ்வளவு தூரம் வந்துட்டேங்களே," என்றார். "வண்டிய வெறுமனே திருப்பிகினு போவணும்."

முன்பென்றால் இந்த ஒரு வாக்கியத்துக்கே அவள் மெஷினோடு தறியையும் சேர்த்து ஏற்றிவிட்டிருப்பாள். "தண்ணி சாப்ட்டு போங்க," என்றாள். கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தார்.

அதற்குள் தெருவில் நாலைந்து பேர் டெம்போவைச் சுற்றி வந்துவிட்டார்கள்.

"காஞ்சிபுரமா போறீங்க? செய்யார் வழியாத்தான? எங்க மச்சினிச்சி வூட்ல ஒரு மூட்ட அரிசிய எறக்கிடறீங்களா?"

காஞ்சிபுரத்துக்காரர் கையிலிருந்த டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆவட்டும், பாக்கலாங்க," என்றார்.

அவ்வளவுதான். அரிசி மூட்டை ஏறியது. ஒருவர் கட்டில் கொண்டுவந்தார். பாகம் பிரித்த அண்ணன் பீரோ ஒன்றை ஏற்றினார். தம்பி பின்னாலேயே வந்து அந்த பீரோவின் கண்ணாடி தன்னுடையது என்றார். தனகோடி அம்மாள் எருமையை அவிழ்த்துக்கொண்டு வந்து, மாங்கால் கூட்டுரோட்டில் தன் தம்பி நிற்பான், கொடுத்துவிட்டால் போதும் என்றார். காஞ்சிபுரத்துக்காரர் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டே, ஏறிய சாமான்களுக்கு மேலே ரேணுகாம்பாளைத் தேடிப் பார்த்தார். உதவி கேட்கிற பார்வை.

அவளுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பாவமாக இருந்ததே தவிர வேறு ஒன்றும் இல்லை. காலி டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய், மெஷினில் உட்கார்ந்து, புது அட்டை ஒன்றைச் சொருகி மிதித்தாள்.